ஒரு மீற்றருக்கு ஒரு கோடி: பனம்பழச் சூரியனும் பண்ணைப் பாலமும்

சூரியனிலிருந்து நெப்டியூன் வரை உள்ள தூரத்தை ஒரு புத்தகப் பக்கத்தின் அகலத்துக்குள், 20 சென்ரிமீற்றருக்குள், அடக்கினால் சூரியனின் விட்டம் 0.06 மில்லிமீற்றர் வரும். பூமி அதிலும் நூறு மடங்குக்கு மேல் சிறிது. எந்த அச்சகத்தாலும் அதை அச்சடிக்க முடியாது. அதனால் பாடப்புத்தகமும் சுவர்ப்படமும் ஒரு தந்திரம் செய்கின்றன. கோள்களைப் பெருப்பித்து, இடைவெளிகளைச் சுருக்கி, எட்டையும் சம இடைவெளியில் வரிசையாக நிறுத்திவிடுகின்றன. தந்திரம் தவறில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் "இது அளவிடைப்படி வரையப்படவில்லை" என்ற வரி பெரும்பாலான படங்களில் இருப்பதில்லை. இருந்தாலும் பிள்ளைகள் அதை வாசிப்பதில்லை. படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் மனதில் ஏறுகிறது.

யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு பாடசாலையில், எட்டாம் தரப் பிள்ளைகளோடு இதைச் சரிசெய்ய எடுத்த ஒரு முயற்சியைப் பற்றியது இந்த ஆய்வு. விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சரும் கணிதம் படிப்பிக்கும் நானும் சேர்ந்து செய்தோம். இரண்டு பாடங்களும் சேர்ந்தது வசதிக்காக அல்ல. விகிதம் விளங்காத பிள்ளைக்கு ஞாயிற்றுத் தொகுதி ஒரு பெயர்ப்பட்டியல் மட்டுமே. விகிதம் என்ற அலகுக்கும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதலில் சந்திரன்

சூரியனுக்குப் போகுமுன் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. மேசையில் ஓர் உதைபந்தை வைத்து "இதுதான் பூமி" என்றோம். பக்கத்தில் ஒரு மிளகு, ஒரு போளை, ஒரு தேசிக்காய், ஒரு ரெனிஸ் பந்து, ஒரு மாங்காய். இரண்டே கேள்விகள்: இதில் சந்திரன் எது? அதை எங்கே பிடிக்க வேண்டும்?

முதற்கேள்விக்குப் பலவிதமான பதில்கள் வந்தன. போளைக்கும் தேசிக்காய்க்கும் நல்ல ஆதரவு. இரண்டாவது கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரித்தான் செய்தார்கள்: பந்துக்குப் பக்கத்தில், ஒரு கை நீளத்துக்குள். ஒரு பெடியன் மட்டும் இரண்டு அடி பின்னால் போனான். மற்றவர்கள் சிரித்ததும் திரும்பி வந்துவிட்டான்.

கணக்கு இதுதான். பூமியின் விட்டம் 12,742 கிலோமீற்றர், உதைபந்தின் விட்டம் 22 சென்ரிமீற்றர். ஆகவே ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 579 கிலோமீற்றர். சந்திரனின் விட்டம் 3,474 கிலோமீற்றர். அது 6 சென்ரிமீற்றர் ஆகும். ரெனிஸ் பந்து கொஞ்சம் பெரிதுதான், பரவாயில்லை. தூரம் 3,84,400 கிலோமீற்றர், அது 6.6 மீற்றர். ரெனிஸ் பந்தை வைத்திருந்த பிள்ளை பின்னால் போய்ப் போய், கடைசி வாங்கைத் தாண்டி, கதவடியில் நின்றாள். பிறகு சர்வதேச விண்வெளி நிலையம் எங்கே என்று கேட்டோம். எல்லோருடைய கையும் பந்துக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் காட்டியது. அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. இந்த அளவிடையில் பந்தின் தோலிலிருந்து 7 மில்லிமீற்றர்.

இந்தப் பத்து நிமிடத்துக்கு மைதானம் வேண்டாம், அனுமதி வேண்டாம், காசும் வேண்டாம். மற்ற எதற்கும் நேரமில்லாத ஆசிரியர் இதை மட்டுமாவது செய்யலாம் என்பது என் அபிப்பிராயம்.

அளவிடை தேர்ந்த கதை

உதைபந்தைப் பூமியாக வைத்துக்கொண்டு சூரியனுக்குப் போக முடியாது. 24 மீற்றர் விட்டமுள்ள ஒரு சூரியனைச் செய்து இரண்டரைக் கிலோமீற்றருக்கு அப்பால் வைக்க வேண்டிவரும். எனவே வேறு அளவிடை தேவைப்பட்டது. பாடப்புத்தகத்தில் தூரங்கள் மில்லியன் கிலோமீற்றரில் இருக்கின்றன: பூமிக்கு 149.6 மில்லியன், வியாழனுக்கு 778 மில்லியன். அதைக் கோடிக்கு மாற்றினால் பூமி 14.96 கோடி, வியாழன் 77.8 கோடி. ஒரு கோடி கிலோமீற்றரை ஒரு மீற்றர் என்று வைத்துவிட்டால் வகுத்தலே இல்லை. பூமி 15 மீற்றரில், வியாழன் 78 மீற்றரில். ஒரு லட்சம் கிலோமீற்றர் ஒரு சென்ரிமீற்றர், பத்தாயிரம் கிலோமீற்றர் ஒரு மில்லிமீற்றர். விகிதமாக எழுதினால் 1 : 1000 கோடி. பருமனுக்கும் தூரத்துக்கும் இதே ஓர் அளவிடைதான். நாங்கள் பிடிவாதமாக நின்ற ஒரே விஷயமும் அதுதான்.

இது ஒன்றும் புதிய அளவிடை அல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் நடுவே 2001 இல் திறக்கப்பட்ட மாதிரியும் இதே விகிதத்தில் அமைந்ததுதான். சுவீடனில் உள்ளது இதைவிட மிகப் பெரிது. அங்கே 1 : 2 கோடி. ஸ்டொக்ஹோம் நகரின் ஒரு கோள வடிவ அரங்கம் சூரியனாக நிற்கிறது, புளூட்டோ 300 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அதே அளவிடையில் யாழ்ப்பாணத்தில் சூரியனை வைத்தால் நெப்டியூனைத் தம்புள்ளைக்கும் அப்பால் கொண்டுபோய் வைக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். எட்டாம் தரத்துக்கு ஆகாது.

பருமன்: சுலபமான பகுதி

சூரியனின் விட்டம் 13.92 லட்சம் கிலோமீற்றர், மாதிரியில் 13.9 சென்ரிமீற்றர். பனம்பழம் விழும் காலம் என்பதால் தேட வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். பெரும்பாலானவை பெரிதாக இருந்தன. நூலைச் சுற்றிப் பரிதி அளந்து, 44 சென்ரிமீற்றர் வரும் ஒரு சின்னப் பழத்தைப் பொறுக்கினார்கள். 44 ஐ 22/7 ஆல் வகுத்தால் 14. கணித வாத்தியாருக்கு அன்றைக்கு அது போதும்.

"கறுத்தச் சூரியனோ சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. மஞ்சள் கடதாசியால் சுற்றினோம். வாசனையை மறைக்க முடியவில்லை, இலையான்கள் கடைசிவரை விடவில்லை.

பூமி 1.3 மில்லிமீற்றர். கடுகு என்று முதலில் சொன்னார்கள், ஆனால் எங்கள் வீட்டுக் கடுகு அதைவிடப் பெரிது. சின்னக் குரக்கன் மணி சரியாக வந்தது. வெள்ளிக்கும் அதுவே, 1.2 மில்லிமீற்றர். புதனுக்கும் செவ்வாய்க்கும் பருமணலில் ஒவ்வொரு துணிக்கை: ஒன்று அரை மில்லிமீற்றர், மற்றது 0.7. யுரேனசும் நெப்டியூனும் 5 மில்லிமீற்றர் அளவில், அதாவது ஒவ்வொரு மிளகு. வியாழன் 14 மில்லிமீற்றர். போளை கொஞ்சம் பெரிதாக இருந்ததால் களிமண்ணில் உருட்டினார்கள். சனி 12 மில்லிமீற்றர். அதற்கு ஒரு கடதாசி வளையம், வெளி விட்டம் 2.7 சென்ரிமீற்றர். கடதாசியின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் என்றால் இந்த அளவிடையில் அது ஆயிரம் கிலோமீற்றர். உண்மையான வளையங்கள் பல இடங்களில் சில பத்து மீற்றர் தடிப்புத்தான். அதை மாதிரியில் காட்ட வழியே இல்லை என்று சொன்னபோது, வளையம் வெட்டிய பெடியனுக்கு முகம் கறுத்துவிட்டது.

சந்திரன் 0.35 மில்லிமீற்றர். பூமி ஒட்டிய அட்டையிலேயே, குரக்கன் மணிக்கு 3.8 சென்ரிமீற்றர் தள்ளி, ஒரு பேனைப் புள்ளி. 1969 முதல் 1972 வரை பன்னிரண்டு பேர் போய் இறங்கிய இடம் அந்தப் புள்ளி.

ஒவ்வொரு கோளையும் ஒரு வெள்ளை அட்டையில் ஒட்டி அட்டையை ஈர்க்கில் கட்டினோம். அலங்காரத்துக்காக இல்லை. அது சோழகக் காற்றுக் காலம். குரக்கன் மணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே போனால் பூமி போய்விடும்.

மைதானத்தில்

பாடசாலை மைதானத்தின் ஒரு மூலையில் பனம்பழத்தை ஒரு கதிரைமேல் வைத்து, மீற்றர் நாடாவை விரித்தோம். புதன் 5.8, வெள்ளி 10.8, பூமி 15, செவ்வாய் 22.8. நான்கு பிள்ளைகள் அட்டையோடு நின்றார்கள். மற்றவர்கள் கதிரையடியில் நின்று பார்த்தார்கள். "பூமி எங்க ரீச்சர்? காணேல்லை" என்றார்கள். அட்டை தெரிந்தது, மணி தெரியவில்லை.

மாதிரி சரியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பல வகுப்புகளில் இந்தப் படி விடுபட்டுப் போகிறது, ஆனால் முழுச் செயற்பாட்டிலும் ஆக முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். பருமனும் தூரமும் ஒரே அளவிடையில் இருந்தால், பூமி அட்டையடியில் நின்று பார்க்கும்போது பனம்பழம், வானத்துச் சூரியன் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு பெரிதாகவே தெரிய வேண்டும். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. ஆனால் சந்திரனும் நமக்கு ஏறத்தாழ அதே பருமனில்தான் தெரிகிறது, இரண்டும் அரைப் பாகை. கையை நேரே நீட்டினால் சின்ன விரலின் அகலம் சுமார் ஒரு பாகை. அதில் பாதி போதும் சந்திரனை மறைக்க. 15 மீற்றரில் நின்று ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினார்கள். பாதி விரலில் பனம்பழம் மறைந்தது. பூரணை இரவில் வீட்டு முற்றத்தில் இதையே செய்து வரச் சொன்னோம். மறுநாள் பாடவேளை தொடங்குமுன்னரே வகுப்பில் அதுதான் கதை. சந்திரன் அவ்வளவு சின்னதா என்பதை அவர்களில் பலர் நம்பவே இல்லை.

இதிலிருந்து கிரகணத்துக்குப் போவது ஒரு சின்ன அடி. 2019 டிசம்பர் 26 இல் யாழ்ப்பாணத்தில் தெரிந்த வளையச் சூரியகிரகணத்தைச் சில பிள்ளைகள் மங்கலாக நினைவு வைத்திருந்தார்கள். 2010 ஜனவரி 15 இல் தெரிந்ததைப் பற்றிப் பெற்றோர் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சூரியன் சந்திரனைவிட 400 மடங்கு பெரிது, ஏறத்தாழ 400 மடங்கு தூரம். அதனால் ஒன்றை மற்றது மட்டுமட்டாக மறைக்கிறது. சந்திரன் தன் பாதையில் கொஞ்சம் தள்ளி இருக்கும் நாளில் மறைப்பு முழுதாகாமல் விளிம்பில் வளையம் மிஞ்சும். மாதிரியில் அந்தப் பேனைப் புள்ளியைக் கண்ணிலிருந்து 3.8 சென்ரிமீற்றரில் பிடித்துப் பனம்பழத்தை மறைக்கலாம் என்று ஒருவன் கணக்குப் போட்டுவிட்டான். கண் அவ்வளவு கிட்டக் குவியாது, ஆனால் அவனுடைய கணக்குச் சரி.

அதே இடத்தில் வந்த இன்னொரு கேள்வி: சூரியனுக்குக் கிட்டப் போனால் வெயில் கூடுமா, அதனால்தான் கோடையா? பூமியின் தூரம் வருடத்துக்குள் 14.71 கோடிக்கும் 15.21 கோடிக்கும் இடையே மாறுகிறது. மாதிரியில் அட்டையை மொத்தம் அரை மீற்றருக்குள் முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் அது. ஆகக் கிட்ட வருவது ஜனவரித் தொடக்கத்தில். யாழ்ப்பாணத்தில் பனி கொட்டும் நாட்கள் அவை. தூரம்தான் பருவகாலத்துக்குக் காரணம் என்றால் தையில் எங்களுக்கு வியர்க்க வேண்டும். ரீச்சர் இதற்குமேல் ஒன்றும் விளக்கவில்லை, பூமியின் சாய்வை அடுத்த பாடத்துக்கு வைத்துக்கொண்டார். நல்ல முடிவு.

செவ்வாயைத் தாண்டியதும் "சிறுகோள்கள் எங்க?" என்று கேட்டார்கள். சினிமாவில் பாறைகள் மோதி மோதிப் பறக்கிற காட்சி அவர்கள் தலையில் இருக்கிறது. 33 மீற்றரிலிருந்து 48 மீற்றர் வரை அந்த வளையம். எல்லாச் சிறுகோள்களையும் சேர்த்துப் பிசைந்தாலும் சந்திரனின் திணிவில் இருபதில் ஒரு பங்குகூட வராது. 15 மீற்றர் அகலமான அந்தப் புல்தரைப் பட்டையில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைக்க எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

வியாழன் 78 மீற்றரில், மைதானத்தின் மறுகரையில் நின்றான். சனி 143 மீற்றர். மதிலுக்கு வெளியே.

ஒளியோடு நடத்தல்

சனியும் அதற்கு அப்பாலுள்ளவையும் மைதானத்துக்குள் அடங்காததால் பண்ணைப் பாலத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குமுன் மைதானத்திலேயே இன்னொன்று செய்தோம். ஒளி ஒரு செக்கனுக்கு மூன்று லட்சம் கிலோமீற்றர் போகிறது. எங்கள் அளவிடையில் மூன்று சென்ரிமீற்றர். ஒரு பிள்ளை பனம்பழத்திலிருந்து புறப்பட்டு, நாடாவைப் பார்த்துப் பார்த்து, செக்கனுக்கு மூன்று சென்ரிமீற்றர் என்று நகர வேண்டும். மற்றவர்கள் எண்ண வேண்டும். பூமிக்கு வர எட்டு நிமிடமும் இருபது செக்கனும்.

முதல் நிமிடத்தில் சிரிப்பு. அவன் இரண்டு மீற்றர்கூடப் போகவில்லை. மூன்றாவது நிமிடத்தில் எண்ணுபவர்கள் மாறினார்கள். அவன் புதனை நெருங்கும்போது பாதிப் பேர் புல்லில் இருந்துவிட்டார்கள். இடையில் நிறுத்தலாமா என்று ரீச்சர் என்னைப் பார்த்தார். நிறுத்தவில்லை. சலிப்பு வர வேண்டிய இடம் அது. ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்று புத்தகத்தில் வாசித்த பிள்ளைகள், அந்த ஒளியே இப்படி ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வேகத்தில் நெப்டியூனுக்குப் போக எவ்வளவு நேரம் என்று ஒருத்தி தானாகவே கணக்குப் போட்டாள்: நான்கு மணித்தியாலத்துக்கு மேல். சந்திரனிலிருந்து பூமிக்கு ஒரு செக்கனும் கொஞ்சமும் என்பதும் அட்டையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

பண்ணைப் பாலம்

450 மீற்றர் நேராக, மறைப்பில்லாமல் பார்க்கக்கூடிய இடம் யாழ்ப்பாண நகருக்குள் அரிது. வீதிகள் வளைகின்றன, மதில்கள், மரங்கள், கடைகள். கோட்டைக்கு அப்பால் தீவகத்துக்குப் போகும் பண்ணைப் பாலத்து வீதிதான் பொருந்தியது. இரண்டு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் நேரான பாதை. ஒரே கவலை வாகனங்கள். சனிக்கிழமை காலையில், பெற்றோர் சிலரும் துணைக்கு வர, வீதியோரமாக ஒரு வரிசையில் போனோம். இதைச் செய்ய நினைக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: அனுமதிக் கடிதமும் போதுமான பெரியவர்களும் இல்லாமல் இந்த வீதிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். பஸ்கள் அங்கே நல்ல வேகம்.

பாலம் தொடங்கும் இடத்தில் ஒருவர் பனம்பழத்தை ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். செவ்வாய் வரை நடந்தது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகுதான் நடை. வியாழனில் நின்று திரும்பிப் பார்த்தார்கள், பழம் பூமியடியில் தெரிந்ததில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. சனியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. சனியிலிருந்து யுரேனசுக்குப் போக, சூரியனிலிருந்து சனிக்கு வந்த அதே தூரத்தை இன்னொரு தடவை நடக்க வேண்டும்: 143, பிறகு 287. "இன்னும் நடக்கவேணுமோ சேர்?" என்ற குரல் இங்கேதான் கிளம்பியது. நெப்டியூனுக்கு இன்னும் 163 மீற்றர்.

450 மீற்றரில் பனம்பழம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. சாதாரணக் கண்ணால் ஒன்றை ஒரு புள்ளியாக அல்லாமல் ஒரு வட்டமாகப் பிரித்தறியக்கூடிய எல்லையும் ஏறத்தாழ அதுவே. சிலர் தெரிகிறது என்றார்கள், சிலர் துணி மட்டும்தான் தெரிகிறது என்றார்கள். தூரம் 30 மடங்கு என்றால் வெளிச்சம் 900 இல் ஒரு பங்கு. நெப்டியூன் ஏன் அவ்வளவு குளிர் என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

கேட்டது வேறு. "இவ்வளவு தூரத்தில நிக்கிற மிளகை அந்தப் பழம் எப்பிடி இழுத்து வச்சிருக்கு?" வகுப்பறையில் ஈர்ப்பைப் படிப்பித்தபோது வராத கேள்வி இது. சுவர்ப்படத்தில் சூரியனும் நெப்டியூனும் ஒரு முழத்துக்குள் இருக்கையில் இழுப்பது பெரிய விஷயமாகத் தெரியாது. ஞாயிற்றுத் தொகுதியின் மொத்தத் திணிவில் 99.8 வீதத்துக்கு மேல் அந்தப் பழத்துக்குள் இருக்கிறது என்று சொன்னோம். வியாழன் உட்பட மற்ற எல்லாம் மிச்சத்துக்குள். ஈர்ப்பு தூரத்தோடு குறையும், ஆனால் ஒருபோதும் பூச்சியமாகாது. இந்தப் பதிலுக்கு அந்த இடத்தில் இருந்த வலு வகுப்பறையில் கிடைத்திருக்காது.

புளூட்டோவையும் விடவில்லை. 2006 இல் கோள் பட்டியலிலிருந்து எடுபட்டதில் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு கோபம் இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, அவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. அதன் சராசரித் தூரம் 591 மீற்றர். விட்டம் கால் மில்லிமீற்றரிலும் குறைவு. 1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 எங்கே என்று கேட்டதற்கு, பாலத்தின் நீளத்துக்குக் கையைக் காட்டினோம். அது சூரியனிலிருந்து பூமியின் தூரத்தைப்போல 160 மடங்குக்கு மேல் போய்விட்டது. மாதிரியில் 2.4 கிலோமீற்றரைத் தாண்டி, மண்டைதீவுப் பக்கம்.

அடுத்த நட்சத்திரம்? புரொக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. மாதிரியில் ஏறத்தாழ 4000 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் குவைத் அவ்வளவு தூரம். பண்ணையில் ஒரு பனம்பழம், குவைத்தில் ஒரு நெல்லிக்காய், நடுவில் சொல்லும்படி எதுவும் இல்லை. "என்ர மாமா அங்கதான் வேலை செய்யிறார்" என்றான் ஒருவன். வகுப்புக்கு அந்தத் தூரம் சட்டென்று பிடிபட்டது. விமானம், விசா, இரவில் வரும் தொலைபேசி என்று எல்லாவற்றோடும் அந்தத் தூரம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். புரொக்சிமா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் பெரிய துணையான ஆல்பா சென்டாரி மே, ஜூன் மாதங்களில் முன்னிரவில் எங்கள் தென்வானில், அடிவானத்துக்குச் சற்று மேலே, நன்றாகவே தெரியும்.

எது நின்றது, எது நிற்கவில்லை

சில வாரம் கழித்து ரீச்சர் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார். வகுப்புச் சுவர்ப்படத்தில் பூமியின் விட்டம் 3 சென்ரிமீற்றர். அந்த அளவிடையில் சூரியன் எங்கே, எவ்வளவு பெரிது? விடை: 3.3 மீற்றர் விட்டம், 350 மீற்றர் தூரம். நெப்டியூன் பத்தரைக் கிலோமீற்றருக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம் போகிற தூரம். பெரும்பாலானோர் வழியைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். பெருக்கலில் விழுந்தவர்கள் இருந்தார்கள், அது வேறு பிரச்சினை. சந்திரனை எங்கே பிடிப்பது என்ற பழைய கேள்விக்கு இப்போது எல்லோரும் கதவடிக்குப் போனார்கள்.

ஆனால் வெளிக்கோள்களின் இடைவெளி அவ்வளவாக நிற்கவில்லை. கோள்களை ஒரு கோட்டில் குறிக்கச் சொன்னபோது உள்ளே நான்கையும் நெருக்கமாக வைத்தவர்கள், வெளியே நான்கையும் மறுபடி சம இடைவெளியில் வைத்தார்கள். பாலத்தில் பின்பாதி நடை கதையோடு கதையாகப் போய்விட்டது காரணமாக இருக்கலாம். சனி வந்ததும் நிறுத்தி, யுரேனஸ் எங்கே வரும் என்று ஊகித்து ஒரு கல்லை வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு நடக்க வைத்தால் அந்த வியப்பு அங்கேயும் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

மாதிரியே புகுத்திய ஒரு தவறும் உண்டு: கோள்கள் வரிசையில் நிற்கின்றன, அசைவதில்லை. சுவர்ப்படத்தின் அதே நோய். இதற்கு மருந்தாக மைதானத்தில் கயிறு பிடித்து உள்ளே நான்கு வட்டங்கள் கீறினோம். 15 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் பரிதி 94 மீற்றர். 365 நாளால் வகுத்தால் பூமி ஒரு நாளைக்கு 26 சென்ரிமீற்றர் நகர வேண்டும். புதன் 41, வெள்ளி 30, செவ்வாய் 21, தொலைவில் வியாழன் 11. "ஒரு நாள்" என்று கைதட்டும்போது எல்லோரும் தங்கள் அளவுக்கு நகர்ந்தார்கள். சீக்கிரமே வரிசை குலைந்தது. அதோடு, தூரம் கூடக் கூட வேகம் குறைகிறது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் செலவு என்று பார்த்தால் வெள்ளை அட்டையும் ஒட்டுநாடாவும்தான். நேரம் வேறு கதை. "உது சோதினைக்கு வருமோ?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பாடத்திட்டத்தை முடிப்பதே பெரும்பாடு என்பதும், பின்னேரத்தில் இதே பிள்ளைகள் ரியூசனில் கோள்களின் பெயரை மனப்பாடம் செய்வதும் உண்மை. எங்கள் பதில், இது கணிதத்தில் விகிதத்துக்கும் வட்டத்தின் பரிதிக்கும் ஒதுக்கிய பாடவேளைகளைத்தான் எடுத்துக்கொண்டது என்பது. அவை வீணாகவில்லை. பாலத்துக்குப் போவதுதான் மேலதிகம். அது முடியாத பாடசாலை வியாழனோடு மைதானத்தில் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றுக்கு ஒரு பிள்ளையை வீதியில் கண்ணுக்கெட்டும் மட்டும் உள்ள ஓர் அடையாளத்தைச் சொல்லச் சொல்லலாம்.

இப்போது பிள்ளைகளுக்கு இன்னும் பெரிதாக ஒன்று வேண்டுமாம். காங்கேசன்துறை வீதியில், 1 : 25 கோடி. யாழ் பஸ் நிலையத்தடியில் ஐந்தரை மீற்றர் அகலத்தில் ஒரு சூரியன், ஏதாவது ஒரு மதிலில் வட்டமாகக் கீறினால் போதும். 600 மீற்றரில் பூமி ஒரு தேசிக்காய், அதற்கு ஒன்றரை மீற்றர் தள்ளிச் சந்திரன் ஒரு போளை. கொக்குவில் பக்கம் 57 சென்ரிமீற்றர் வியாழன், இணுவிலுக்குச் சற்று முன் சனி, சுன்னாகத்துக்கும் மல்லாகத்துக்கும் நடுவில் யுரேனஸ், காங்கேசன்துறையில் நெப்டியூன். ஒரே பார்வையில் எதையும் பார்க்க முடியாது என்பது இதன் குறை. தினமும் பஸ்ஸில் அதே வழியால் வரும் பிள்ளைக்கு ஒவ்வொரு சந்தியும் ஒரு கோளாகிவிடும் என்பது இதன் பலம். சாவகச்சேரியிலிருந்து வரும் ஒருத்தி உடனே எதிர்த்தாள், ஏன் எல்லாம் வலிகாமத்துக்கு மட்டும்? பாதை வட்டமென்றால் கண்டி வீதியிலும் அதே தூரத்தில் நெப்டியூன் வரலாமே, மீசாலைப் பக்கம். அவள் சொன்னதில் பிழை இல்லை. இப்போது ஆளாளுக்குத் தங்கள் வீடு எந்தக் கோளின் தூரத்தில் என்று சைக்கிள் சில்லுச் சுற்றை எண்ணி அளந்து வருகிறார்கள். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீற்றர். புதனுக்கு 105 சுற்று, பூமிக்கு 272.